வறண்ட கிணற்றில் மூழ்கியவர்

காலை 6.40

கிணற்றுக்குள் முதலில் தெரிந்தது தொப்பிதான்.

வைகறை ஊர்வலத்தில் விடியும்வரை குழல் ஊதிய இரண்டு பேர், திருவிழா உடையைக் களையாமலே, பொதுக்கிணற்றின் சுவரில் வந்து உட்கார்ந்தார்கள். உதடுகள் வீங்கியிருந்தன. பேசத் தெம்பில்லை. ஒருவன் சும்மா உள்ளே எட்டிப் பார்த்தான். உள்சுவரின் இரும்புப் படி ஒன்றில் ஒரு வைக்கோல் தொப்பி மல்லாக்கக் கிடந்தது. அதற்குக் கீழே, ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமான ஆழத்தில், கிணற்றின் அடிமண்ணில் பெலார்மினோ குப்புறக் கிடந்தார்.

முப்பது வருடமாக எல் எஸ்பினோ ஊரின் கிணற்றையும் மோட்டாரையும் பார்த்துக்கொண்டவர் அவர். கிணறு வற்றி மூன்று மாதமாகிவிட்டது. அதன்பிறகும் தினமும் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஊர் கூடியது. தண்ணீர்க் குழுவின் தலைவர் எவரிஸ்தோ தன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"அவனால தாங்க முடியல. பெத்த புள்ள செத்த மாதிரி இந்தக் கிணத்தைப் பாத்து அழுதான். நாமளும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்" என்றார்.

பெண்கள் சிலுவைக்குறி போட்டார்கள்.

"இன்னொரு உசுரு இதுல போகக் கூடாது. இன்னைக்கே மூடிருவோம். மூணு மணிக்கு மண் தள்ளுற வண்டியை வரச் சொல்றேன்."

கிணற்றை மூடினால் ஊருக்கு இருக்கும் நீர் உரிமையும் மூடிக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு லாரித் தண்ணீர் மட்டும்தான். லாரி நின்றுபோகும் மாதத்தில் ஊரும் நின்றுபோகும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இரண்டு ஊர்கள் அப்படித்தான் காலியாயின.

இறந்தவரின் மகள் இஸ்மேனியா மட்டும் சொன்னாள்: "எங்கப்பா குதிக்கல."

காலை 9.15

மாவட்டத் தலைநகரிலிருந்து துப்பறியும் அதிகாரி மிரேயா காத்தலான் வந்து சேர்ந்தபோது, உடலை மேலே தூக்கி ஒரு கதவுப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். கூட வந்த டாக்டர் குனிந்தார். நெற்றியில் ஒரு காயம். சின்னதுதான். மூக்கிலும் வாயோரத்திலும் வெள்ளை நுரை காய்ந்திருந்தது. டாக்டர் நெஞ்சை அமுக்கினார். வாயிலிருந்து மறுபடி நுரை வந்தது.

அவர் நிமிர்ந்து கிணற்றைப் பார்த்தார். உடலைப் பார்த்தார். மறுபடி கிணற்றைப் பார்த்தார்.

"மேடம், இவரை எங்கேர்ந்து எடுத்தாங்க?"

"இந்தக் கிணத்துலேர்ந்து."

"அறுத்துப் பாக்காம நான் எழுதித் தர மாட்டேன். ஆனா இவர் விழுந்து சாகல. மூழ்கிச் செத்திருக்கார்."

கான்ஸ்டபிள் ரெனே உள்ளூர்க்காரன். பலகையைச் சுற்றி நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்தான். "தண்ணியே இல்லாத கிணத்துலயா?"

"அது உங்க வேலை. என் வேலை நுரையோட முடிஞ்சுது."

மிரேயா இறந்தவரின் சட்டையைத் தொட்டாள். முழுக்க ஈரமாக இருந்தது. காலையில் பார்த்தவர்கள் பனி என்று நினைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை. முன்பக்கம் அடிமண்ணின் சேறு. முதுகுப்பக்கம் தும்பைப்பூ மாதிரி சுத்தம்.

அவள் கிணற்றுக்குள் இறங்கினாள். தூணில் வாளியும் கயிறும் சுருட்டியபடி தொங்கின. இரும்புப் படிகள் சில்லிட்டன. சுவர்க் கற்களில் உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. தொப்பி கிடந்த படிவரைக்கும் வெள்ளை. அதற்குக் கீழே கல் கறுப்பாக, கழுவினாற்போல இருந்தது. தொப்பியை எடுத்தாள். நசுங்கவில்லை. உள்ளே மாவு சலித்ததுபோல மெல்லிய வண்டல் படிந்திருந்தது. அடியில் சேறு. கால் புதைந்தது. ஒரு கை அள்ளக்கூடத் தண்ணீர் இல்லை.

அவள் மேலே வந்தபோது கூட்டத்தில் ஒரு கிழவி கேட்டாள்.

"நீ தெக்கத்திக்காரியாமே?"

"ஆமா பாட்டி."

"எங்க பாத்தாலும் மழையாமே அங்க? கொஞ்சம் பையில போட்டு எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

சிலர் சிரித்தார்கள். பலகையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

காலை 10.30

இஸ்மேனியாவின் அடுக்களையில் மூன்று பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. கோப்பையை முதல் பாத்திரத்தில் அலசினாள். கலங்கியதும் அந்தத் தண்ணீரை இரண்டாவதில் ஊற்றித் துடைப்பான் துணியை நனைத்தாள். துணி பிழிந்த தண்ணீர் மூன்றாவதுக்குப் போனது. அது வாசலில் நிற்கும் எலுமிச்சைக்கு. மற்ற மரங்களையெல்லாம் போன வருடமே வெட்டி, கட்டைகள் வெயிலில் வெடிக்காமலிருக்கச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். இந்த அலசலை அவள் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

"நேத்து சாயங்காலம் சிரிச்சார் மேடம். மூணு மாசத்துல மொத தடவை. 'நாளைக்கு விடிஞ்சதும் உன்னைக் கிணத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். கையில ஒரு கல்லு எடுத்துக்க'ன்னார். சாகப்போறவர் அப்படிச் சொல்வாரா?"

"கல்லா? எதுக்கு?"

"கேட்டேன். சொல்லல. என்கிட்ட எப்பவும் வேடிக்கையாத்தான் பேசுவார். போன மாசம் ரேடியோவுல சொன்னாங்க, நம்ம நாட்டுல இருக்கிற தண்ணியைத் தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சா ஏகப்பட்டது இருக்குன்னு. அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். 'தெக்க ஒருத்தன் மூழ்குறான், வடக்க ஒருத்தன் தாகத்துல சாகுறான். சராசரியில ரெண்டு பேரும் சௌக்கியம்'னார்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

மிரேயா அடுப்பைப் பார்த்தாள். கெண்டி புதிது. வெளியே பளபளத்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருந்தது.

"எப்ப வாங்கினது?"

"கிணறு வத்தின வாரம். பழசு ஓட்டையாயிடுச்சு."

"அப்ப இதுல லாரித் தண்ணி மட்டுந்தான் கொதிச்சிருக்கு?"

"ஆமா. ஏன்?"

"லாரி எங்க நிரப்புது?"

"உங்க டவுன்லதான். எங்க ஞானப்பா, தலைவர் எவரிஸ்தோ, அவர்தான் பேசி ஏற்பாடு பண்ணினார். எனக்கு ஞானஸ்நானத்துல கை கொடுத்தவர். அப்பாவும் அவரும் ஒரே தட்டுல தின்னவங்க."

மிரேயா டவுனில் குடியிருந்து இரண்டு வருடமாகிறது. அவள் கெண்டியில் இப்படிக் கட்டியதில்லை.

"மேடம், மூணு மணிக்கு வண்டி வருது. கிணத்தை மூடிட்டா அப்பா தற்கொலைதான்னு ஆயிடும். இந்த ஊரும் முடிஞ்சுது. நான் ஒருத்தி வேணாம்னா யார் கேப்பாங்க? நீங்களாவது சொல்லுங்க."

"டாக்டர் இன்னும் எழுதித் தரல. வேற காரணம் இருந்தா நிறுத்தலாம்."

"தேடுங்க."

காலை 11.40

ஊர்த் தண்ணீரை உறிஞ்சுவதாக ஊரே குறைசொல்லும் மேட்டுத் தோட்டம் மலைச்சரிவு முழுக்கப் பச்சையாக இருந்தது. அவகாடோ மரங்கள் உச்சிவரைக்கும் வரிசை வரிசையாக ஏறியிருந்தன. கீழே ஊர் சாம்பல் நிறம். ஆறு இருந்த இடத்தில் கூழாங்கற்கள்.

மேஸ்திரி ஒஸ்வால்தோ தோட்டத்துக் குளத்தருகே காத்திருந்தான். கையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"விஷயம் வந்துருச்சு மேடம். நாங்க இந்தக் குளத்துல முக்கிக் கொன்னு, அங்க கொண்டுபோய்ப் போட்டோம். அதானே?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லல? டாக்டர் வாய் மூடுறதுக்குள்ள ஊரே சொல்லுது."

மிரேயா குளத்தில் கை விட்டாள். வெளியே எடுத்தபோது விரல்களுக்கிடையே பச்சைப் பாசி இழை இழையாகத் தொங்கியது. கைக்குட்டையில் துடைத்தாள். பச்சை போகவில்லை.

"இவ்வளவு பாசியா?"

"மருந்து போட்டும் போகல. நேத்து என் பேண்ட்டு பாழாப்போச்சு."

"ராத்திரி எல்லா மோட்டாரும் ஓடுச்சா?"

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "மேடம், நேத்து இசிதோர் ராத்திரி."

"எனக்குத் தெரியாது. சொல்லுங்க."

"உழவருக்குப் புனிதர். அவர் திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் பொம்பளைங்க வருவாங்க. பள்ளத்தாக்குல இருக்கிற ஒவ்வொரு மோட்டார் சுவிட்சுலயும் சிவப்பு ரிப்பன் கட்டுவாங்க. பூமி ஒரு ராத்திரி மூச்சு விடணுமாம். மறுநாள் பூசை முடிஞ்சப்புறம், கட்டின கையே வந்து அவிழ்க்கணும். அதுவரைக்கும் எவனும் தொட மாட்டான்."

"நீங்களுமா?"

"நான் தொடுவேன் மேடம். என் ஆளுங்க தொட விட மாட்டாங்க. முப்பது பேரும் வேலைய விட்டுப் போயிருவாங்க." சுவிட்சுப் பலகையைக் காட்டினான். ஒவ்வொரு பிடியிலும் ரிப்பன். ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றுகூடக் கசங்கவில்லை. "இப்ப சாவு விழுந்து பூசையே தள்ளிப்போச்சு. மோட்டார் எல்லாம் இன்னும் தூங்குது. முதலாளி போன்ல என் ஆத்தாளை இழுக்குறார். நான் என்ன பண்ண?"

மிரேயா காது கொடுத்துக் கேட்டாள். இரண்டு வருடத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் ஓயாமல் ஓர் இரைச்சல் இருந்ததை, அது இல்லாத இப்போதுதான் உணர்ந்தாள்.

பகல் 12.30

எவரிஸ்தோ அப்போதுதான் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியிருந்தார். கூட்டாளிக்குத் தன் கையாலேயே குழி வெட்டியிருந்தார். நகக்கண்ணெல்லாம் மண்.

"உக்காரும்மா. தேநீர் போடுறேன். வேற என்னத்தக் குடுக்க முடியும் இந்த ஊர்ல?"

கோப்பையை அவள் முன் வைத்தார். பிறகு வாசலருகே பேசினில் ஜாடியைச் சாய்த்துச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். மறுபடி ஊற்றி முகம் கழுவினார். பேசினைத் தூக்கி முற்றத்தில் வீசிக் கொட்டினார். புழுதி ஒரு நொடி மினுங்கியது. ஒரு நாய் ஓடிவந்து மோந்து பார்த்தது.

"ராத்திரி எங்க இருந்தீங்க ஐயா?"

"ஊர்வலத்துல. மூணு மணிக்குக் கிளம்பினோம். கொஞ்ச தூரத்துலயே முழங்கால் வலின்னு வந்து படுத்துட்டேன்."

"அவருக்கு எதிரி?"

"மேட்டுத் தோட்டந்தான். நம்ம தண்ணியை உறிஞ்சுறாங்கன்னு அவன் போற எடமெல்லாம் பேசினான். மொதல்ல குதிச்சுட்டான்னுதான் நான் நினைச்சேன். இப்ப டாக்டர் சொன்னதைக் கேட்டா... குளத்துல முக்கியிருக்கானுங்க."

"அப்ப கிணத்தை மூட வேணாமே? சாட்சி அது."

"சாட்சியா அது? குழிம்மா. நாளைக்கு ஒரு கொழந்த விழும். நீங்களா வந்து தூக்குவீங்க?"

மிரேயா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் மேசையைத் தொடவில்லை. தேநீரின் மேல் சின்னஞ்சிறு வளையங்கள் ஓயாமல் தோன்றிக்கொண்டிருந்தன.

வெளியே வந்தாள். வீட்டுக்குப் பின்னால், பொதுக்கிணற்றைப் பார்த்தபடி, ஒரு கோழிக்கொட்டகை இருந்தது. புதுத் தகரக் கூரை. கனத்த பூட்டு.

"கோழி வளக்கிறீங்களா?"

"எங்க... எல்லாத்தையும் நரி தின்னுடுச்சு" என்றார் எவரிஸ்தோ. "நான் பாதிரியாரைப் பாத்துட்டு, வண்டிக்காரனைக் கூட்டிட்டு வரணும்மா. வரட்டுமா?"

அவர் தெரு முனையைத் தாண்டியதும் மிரேயா அரசு வழக்கறிஞருக்குப் போன் செய்து அனுமதி வாங்கினாள். பிறகு ரெனேயிடம் பூட்டு உடைக்கக் கடப்பாரை கேட்டாள்.

பிற்பகல் 3.00

மண் தள்ளும் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அதன் முன்னால் உடைந்த செங்கல்லும் கல்லும் குவிந்திருந்தன. ஊர் முழுக்கக் கிணற்றைச் சுற்றி நின்றது. ஒஸ்வால்தோகூட இறங்கி வந்திருந்தான். யாரும் அவன் பக்கத்தில் நிற்கவில்லை.

மிரேயா வண்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே போய் நின்றாள். "என்ஜினை நிறுத்துங்க."

"மேடம், ஊர் முடிவு பண்ணியாச்சு" என்றார் எவரிஸ்தோ.

"நிறுத்துங்க ஐயா. கொஞ்ச நேரம்."

என்ஜின் நின்றது.

"பெலார்மினோ மூழ்கித்தான் செத்தார். தோட்டத்துக் குளத்துல இல்ல. அந்தக் குளத்துல ஒரு நிமிஷம் கை வச்சேன், பச்சை இன்னும் போகல." அவள் கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். "அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. முதுகுல ஒரு பொட்டுப் பச்சை இல்ல. அவர் மூழ்கினது இந்தக் கிணத்துல."

"இதுல மூழ்குறதா? எறும்பு மூழ்காதே இதுல!" யாரோ கத்தினார்கள்.

"இப்ப மூழ்காது. ராத்திரி மூழ்கும். தொப்பி எங்க கிடந்துச்சு? அடியில இல்ல. படியில. விழும்போது மாட்டிக்கிச்சுன்னு எல்லாரும் நினைச்சோம். விழுந்து மாட்டின தொப்பிக்குள்ள வண்டல் எப்படி வரும்? அது தண்ணியில மிதந்துச்சு. தண்ணி இறங்குறப்ப படியில தங்கிடுச்சு. அந்தப் படிக்குக் கீழதான் கல்லுல உப்பு கரைஞ்சிருக்கு."

கூட்டம் அசையவில்லை.

"நேத்து சாயங்காலம் எல்லா மோட்டாரையும் நிறுத்தினீங்க. கிணறு ஊறுச்சு. அது ஊறும்னு பெலார்மினோ நம்பினார். அதான் மகள்கிட்ட கல்லு எடுத்துக்கன்னு சொன்னார். கல்லைப் போட்டு, அந்தச் சத்தத்தை அவளுக்குக் காட்டணும்னு."

இஸ்மேனியா கையை மூடித் திறந்தாள். உள்ளே ஒரு கூழாங்கல் இருந்தது. காலையிலிருந்து வைத்திருந்தாள்.

"சரி மேடம், ஊறின தண்ணி எங்க போச்சு? எங்க ரிப்பன் ஒண்ணுகூட அவிழல" என்றான் ஒஸ்வால்தோ.

"அதேதான். ரிப்பன் கட்டின எந்த மோட்டாரும் ஓடல. ஆனா விடியறதுக்குள்ள கிணறு வத்திடுச்சு. அப்படின்னா ரிப்பன் கட்டாத மோட்டார் ஒண்ணு இருக்கு. பொம்பளைங்களுக்கே தெரியாத மோட்டார். மத்த ராத்திரில பள்ளத்தாக்கு இரைச்சல்ல அது இரையறது கேக்காது. நேத்து ராத்திரி ஊரே நிசப்தம். அதனால அதையும் நிறுத்தி வச்சிருந்தாங்க. விடியக்காலைல குழலும் மேளமும் தெருவுக்கு வந்துச்சே, அப்ப மறுபடி ஓட விட்டாங்க."

"யாரு?" இஸ்மேனியாவின் குரல் அது.

மிரேயா கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இந்த ஊர்ல இன்னைக்கு நான் பாத்த ஒவ்வொருத்தரும் ஒரே தண்ணியை மூணு தடவை உபயோகிக்கிறாங்க. யாரும் யோசிச்சுச் செய்யல. கை பழகியிருக்கு. ஒரு வீட்டுல மட்டும், சோப்புப் போட்டுக் கழுவின தண்ணியைப் புழுதியில வீசினாங்க. வாசல்ல ஒரு செடிகூட இல்ல, ஊத்தணும்னு தோணக்கூட இல்ல. நாடா இருந்தாலும் வீடா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். இருக்கிறது எவ்வளவு, எடுக்கிறது எவ்வளவு. லாரி எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுதான் ஊத்துது. அதுல இப்படிச் செலவு பண்ண முடியாது. அப்ப அந்தக் கைக்கு வேற எங்கேர்ந்தோ தண்ணி வருது."

தலைகள் மெல்லத் திரும்பின. எவரிஸ்தோவின் வாசலில் செடி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"கோழிக்கொட்டகையைத் திறந்தேன் ஐயா. கோழி இல்ல. ஆழ்துளைக் குழாய் இருக்கு. சுத்தி மெத்தை கட்டின மோட்டார். அதோட அதிர்வுதான் என் கோப்பையில வளையம் போட்டுச்சு. மண்ணுக்கடியில ஒரு தொட்டி. அங்கேர்ந்து யாரும் போகாத ஓடைக்கரை வரைக்கும், லாரி நிரப்புற குழாய்."

"லாரியா?" ரிப்பன் கட்டிய பெண்களில் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"டவுன் தண்ணியில சுண்ணாம்பு கட்டாதும்மா. உங்க கெண்டியைத் திறந்து பாருங்க. மூணு மாசமா லாரியில வந்தது உங்க கிணத்துத் தண்ணிதான். கிணறு மறுபடி ஊறிடக் கூடாதுன்னு மோட்டாரை நிறுத்தவே இல்ல. காலைலேர்ந்து தொட்டி நிறைஞ்சு ஓடையில வழிஞ்சுட்டிருந்துச்சு. ஒண்ணரை மணிக்கு நான்தான் நிறுத்தினேன்."

ஒரு முனகல் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனது. கொலை என்று கேட்டபோதுகூட அப்படி ஒரு சத்தம் வரவில்லை. வழிந்து ஓடியது என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

எவரிஸ்தோ கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மேட்டுத் தோட்டம் எடுத்தா சட்டம். நான் எடுத்தா திருட்டா? எப்படியும் வத்தப் போற கிணறு. கடைசிச் சொட்டை அவன் உறிஞ்சுறதுக்கு முன்னாடி நான் எடுத்தேன். திருப்பி உங்களுக்குத்தானே ஊத்தினேன்?"

"வித்தீங்க" என்றாள் மிரேயா. "பெலார்மினோ?"

எவரிஸ்தோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ராத்திரி என்னைத்தான் மொதல்ல தேடி வந்தான். வா கூட்டாளின்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தான். கல்லைப் போட்டான். சத்தம் வந்துச்சு. சின்னப் புள்ள மாதிரி சிரிச்சான். 'கிணறு சாகலடா, தோட்டம் மட்டும் இல்ல, ஊருக்குள்ளயே யாரோ அது கழுத்தைப் புடிச்சிருக்கான். பூசை முடிஞ்சதும் ஊரைக் கூட்டி வீடு வீடாத் தேடுவோம், நீதான் முன்னால நிக்கணும்'னான். என்மேல அவனுக்குச் சந்தேகமே இல்ல." தன் கைகளைப் பார்த்தார். "கை தன்னால தள்ளிடுச்சு. நெத்தி சுவர்ல அடிபட்டு, இருட்டுல அவன் கைக்குப் படி சிக்கல. அப்புறம் கூப்பிட்டான். எம்பேரைத்தான் கூப்பிட்டான். தண்ணி இறங்கினா கால் ஊனிக்குவான்னு ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன். சத்தியமா, அவனைக் காப்பாத்தத்தான் போட்டேன்."

இஸ்மேனியா அவரை நெருங்கினாள். தூணைக் காட்டினாள். வாளியும் கயிறும் சுருட்டியபடியே தொங்கின.

"கயிறு இங்கேயே இருந்துச்சு ஞானப்பா."

அவர் பார்க்கவில்லை. ரெனே விலங்கு மாட்டியபோது கைகளைத் தானே நீட்டினார்.

மாலை 4.10

இஸ்மேனியா கூழாங்கல்லைக் கிணற்றுக்குள் விட்டாள்.

அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கொழகொழத்த சேற்றின் சத்தம் இல்லை.

சிலர் அழுதார்கள். ஆனால் வாளியை எடுக்க யாருக்கும் கை நீளவில்லை. அதில்தான் ஒருவர் செத்திருக்கிறார்.

இஸ்மேனியா கயிற்றை அவிழ்த்தாள். வாளியை இறக்கினாள். இழுத்தாள். பாதி வாளி, கலங்கல். இரண்டு கையாலும் அள்ளி எல்லோரும் பார்க்கக் குடித்தாள். முகத்தைத் துடைக்கவில்லை.

"நம்ம தண்ணிதான். எடுங்க" என்றாள்.

வரிசை தானாக உருவானது. குடம், டப்பா, பால் கேன், பேசின். வண்டிக்காரன்கூட இறங்கி வந்து கயிறு இழுத்தான்.

மிரேயாவின் பக்கத்தில் வந்து நின்றாள் இஸ்மேனியா. "மேட்டுத் தோட்டம்?"

"அவங்ககிட்ட உரிமைப் பத்திரம் இருக்கு. இந்தப் பள்ளத்தாக்குல குடுத்த பத்திரத்தையெல்லாம் கூட்டினா, மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணியை விட அதிகம். ஆனா அதுக்கு நான் யாரையும் கைது பண்ண முடியாது."

"அவங்க மோட்டார் போட்டா எவ்வளவு நேரத்துல இறங்கும்?"

"விடியறதுக்குள்ள."

பாதிரியார் பூசை உடையோடு கோயில் வாசலில் நின்றிருந்தார். மெதுவாக அருகில் வந்தார். "மகளே, இசிதோர் பூசை காலைலேர்ந்து நிக்குது. அப்பாவுக்கும் சேர்த்து வச்சுடலாம். ஆரம்பிக்கட்டுமா?"

ரிப்பன் கட்டிய பெண்கள் வரிசையிலிருந்தே திரும்பிப் பார்த்தார்கள். ஒஸ்வால்தோ தலைகுனிந்து நின்றான். பூசை முடிந்தால் முடிச்சு அவிழும்.

"இன்னும் இல்ல சாமி. அப்பா காத்திருப்பார்" என்றாள் இஸ்மேனியா.

"எவ்வளவு நேரம்மா?"

அவள் வரிசையைப் பார்த்தாள். அது கோயிலைத் தாண்டி, சுண்ணாம்பு பூசிய கட்டைகளைத் தாண்டி, தெருக்கோடிவரை நீண்டிருந்தது. கடைசியில் நின்ற கிழவியின் கையில் ஒரு சின்னக் கெண்டி மட்டும்தான் இருந்தது.

"அந்தக் கெண்டி நிறையட்டும் சாமி. நிறைஞ்சதும் அந்தப் பாட்டி மறுபடி வந்து வரிசையில நிப்பாங்க. அதுவும் நிறையட்டும்."

பாதிரியார் வரிசையைப் பார்த்தார். பிறகு பூசை உடையைத் தலைவழியாகக் கழற்றி, மடித்து, கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார்.

ஒஸ்வால்தோவின் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.